நல்ல அம்மா பல்லி

டைனோசர் பெயர்களில் முக்கால்வாசி கிரேக்கம் என்று எனக்குச் சொன்னது என் கைபேசிதான். மகளின் பள்ளியில் உச்சரிப்புப் போட்டி வைத்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறி டைனோசர் பெயர்களைப் பிசகில்லாமல் சொல்ல வேண்டுமாம். கம்பெனியில் நாளெல்லாம் நின்று வயர் கோர்த்துவிட்டு மத்திகிரி வாடகை வீட்டுக்கு வருகிறவளுக்கு இது ஒன்றுதான் குறைச்சல்.

ஆனாலும் இருவரும் உட்கார்ந்தோம். வாயில் நுழையாத பெயரைத் துண்டாக்கினால் நுழைந்தது. ட்ரை என்றால் மூன்று, கெராஸ் என்றால் கொம்பு, ஓப்ஸ் என்றால் முகம். சேர்த்தால் ட்ரைசெரடாப்ஸ்.

“மூணு கொம்பு மூஞ்சின்னே வெச்சிருக்கலாம் இல்லம்மா?” என்றாள் மகள்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அவளுக்கு ரொம்பப் பிடித்தது மையாசாரா. மையா என்றால் நல்ல தாய், சாரா என்றால் பல்லி. கூட்டிலிருந்த குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டிய தாயாம். “இது நீதாம்மா” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

எங்களுக்கு இந்தப் பக்கம் கன்னட வீடு, அந்தப் பக்கம் தெலுங்கு வீடு. பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு சொல் கிடைத்தால் மூன்று பாஷையிலும் சொல்லிப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருத்தருக்கு விளையாட்டு புரியாது.

போட்டியன்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்குப் போனேன். அதே யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு. பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டேன். மகள் ஒரு பெயரில்கூடத் தடுமாறவில்லை. மையாசாரா வந்ததும் வீட்டு வாசலில் சொல்வதைப் போலவே மூன்று பாஷையிலும் சொன்னாள்.

“நல்ல அம்மா பல்லி. ஒள்ளே அம்மா ஹல்லி. மஞ்சி அம்மா பல்லி.”

கூடமே சிரித்தது. நடுவராக உட்கார்ந்திருந்த ஆசிரியையும் சிரித்தார்.

“நேம் மட்டும் சொன்னா போதும்மா. மேடையில இங்கிலீஷ்தான் பேசணும், தெரியாதா?” என்றார். அதையும் தமிழில்தான் சொன்னார்.

டைனோசர் என்றாலே பயங்கரப் பல்லிதானே. கிரேக்கத்தில் சொன்னால் படிப்பு, எங்கள் தெருப் பேச்சில் சொன்னால் கேலி.

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?” என்று கேட்டார் ஆசிரியை.

மகள் சுவரோரம் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தபடி கையை லேசாகத் தூக்கினேன். அவள் கண் என் யூனிஃபார்மில் கொஞ்சம் நின்றது, பிறகு கீழே இறங்கியது.

“யாருமில்ல மிஸ். போன்ல பாத்தேன்.”