ஆடிப்பெருக்கில் கண்ணுக்குள் வந்தவள்

என் இடது கண்ணுக்குள் ஒரு பெண் புகுந்துவிட்டாள் என்று நம்பினேன். சிரியுங்கள், பரவாயில்லை. பேய்க்கதை சொல்பவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்தே பெயர் வாங்கியவன் நான்.

உறையூரில் வீட்டோடு சேர்ந்த புடவைக் கடை. அரைக்கிழ வயதில் திடீரென்று அழகு ஆசை கூடிப்போய், சோடாபுட்டிக் கண்ணாடியை வீசிவிட்டு கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினேன். இரவில் கழற்றச் சொன்னார்கள். காலையில் மறுபடி மாட்ட யார் மல்லுக்கட்டுவது என்று வாரக்கணக்கில் அப்படியே தூங்கினேன். ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில், காவிரியில் லென்ஸோடு முங்கி, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வேறு பார்த்தேன்.

ஆடி முடிவதற்குள் கண் ரத்தமாகச் சிவந்தது. உள்ளே உட்கார்ந்து யாரோ கோணூசியால் குத்திக் கிளறுவது போல வலி. அதோடு, நம்பினால் நம்புங்கள், பட்டப்பகலில் கடைக்குள் வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி நின்றாள். திரும்பிய பக்கமெல்லாம் வந்தாள். இடது கண்ணை மூடினால் காணோம். புடவைக் கடைக்குள் வந்து ஒரு புடவையைக்கூடப் பிரித்துக் காட்டச் சொல்லாதவள் மனுஷியாக இருக்க முடியுமா?

"ஆத்துலேருந்து ஏதோ கூடவே வந்துருச்சுங்க" என்றாள் என் மனைவி விசாலம். உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டு, புகையை முகத்துக்கு நேரே நீட்டினாள். நெடி வராவிட்டால் திருஷ்டி என்பது கணக்கு. எனக்கோ கண்ணே வெந்தது. ஆகவே திருஷ்டி இல்லை, பேய்தான் என்று முடிவாயிற்று.

அந்த நேரம் பார்த்து வெள்ளை உருவம் நேராக வந்து என் தோளைப் பிடித்தது. துணி அளக்கிற இரும்புக் கோலை எடுத்து வெறிபிடித்தவன் போல அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன்.

"மாமா! நான் சேகரு! கண்ணத் தொறந்து பாத்துட்டாவது அடிங்க மாமா!"

என் மச்சினன். வெள்ளை வேட்டி சட்டை முழுக்க ரத்தம். உடைந்த மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு அவன்தான் என்னை ஆட்டோவில் அமுக்கிப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். "கண்ணு போயிரும் மாமா, ஆடாம உக்காருங்க."

அங்கே சேகர் என் கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா இமையை விரித்து, ஒட்டிப்போயிருந்த லென்ஸை இடுக்கியால் உரித்தெடுத்தார். அலறினேன்.

"லென்ஸோட தண்ணியில எறங்குனீங்களா?"

"புனித நீர் டாக்டர்."

"புனிதம் உங்களுக்கு. உங்க கருவிழியத் தின்ன கிருமிக்கு அது வீடு. நடுவுல வெள்ளையாப் புண்ணு. அது வழியாத்தான் எல்லாத்தையும் பாத்துருக்கீங்க."

புண்ணுக்கு முந்தானை எதற்கு, அது ஏன் காற்றில் ஆடியது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

புண்ணைச் சுரண்டினார்கள். மாதக்கணக்கில் மருந்து விட்டார்கள். கிருமி செத்தது. இடது கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை.