மாரிகாலத்துத் திமிங்கலங்கள்

அலாஸ்காவின் கரையில் ஒரு சின்னப் பட்டினம் இருக்கிறது. அங்கே போனால் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். காலையில் படகேறிப் போனால் பனிமலை உடைந்து கடலுக்குள் விழுவதைப் பார்க்கலாம். ஆற்றை எதிர்த்து ஏறும் மீன்களையும் அவற்றைக் கவ்வ வரும் கரடியையும் பாலத்தில் நின்று பார்க்கலாம். மரத்தில் கழுகு, காகம், மீன் என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் செதுக்கி நிறுத்திய தூண்கள் உண்டு. வெங்காயம் போலக் கோபுரம் வைத்த பழைய ரஷ்யத் தேவாலயம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் திமிங்கலம். படகுக்குப் பக்கத்திலேயே வந்து வாலைத் தூக்கி அடிக்குமாம்.

அந்த ஊரை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேலறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்பது பேச்சுக்குத்தான். என் கணவர் கப்பலில் வேலை. வருவார், பெட்டியைத் திறப்பார், பெட்டியை மூடுவார், போய்விடுவார். யாழ்ப்பாணத்தில் வடமராட்சிக் கரையில் பிறந்தவர். "கடலுக்கும் பூட்டுத் திறப்பு இருக்கு" என்பார். எங்கள் கரையில் மாரியில் வாடைக்காற்று எழும்பினால் கடல் பூட்டு, கோடையில் சோளகக்காற்று வந்தால் திறப்பு. ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் இப்படியான பேச்சுகளைப் பொறுக்கி வைப்பது எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடம் பாதியில் நின்றவளுக்கு வாத்தியார் என்று வேறு யார்? இங்கிலீசைக்கூட நான் பஸ்ஸில் இருந்து கேட்டுத்தான் பிடித்தேன்.

தை பிறந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. கீழே நடையில் இருந்த ரெலிபோனை வீட்டுக்கார அண்ணை எடுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது. பனி உறைந்த மேல்தட்டில் வழுக்கி என் கணவர் கப்பலின் அடித்தட்டுக்குள் விழுந்துவிட்டார். தலையில் அடி. பக்கத்தில் இருந்த அந்தப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் அவரை இறக்கிவிட்டு, கப்பல் தன் வழியில் போய்விட்டது. மண்டைக்குள் கட்டிய இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். கண் திறக்கிறார், பேச்சில்லை, வலப்பக்கம் அசையவில்லை. இப்போதைக்கு அவரை எங்கும் நகர்த்த முடியாது. மனைவி வருவதென்றால் வரலாம், விசா அவள் பாடு. கப்பல் கொம்பனிக்காரன் சொன்னது இவ்வளவும்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தாள். முகம் தெரியாது, குரல்தான் தெரியும். இங்கே விளக்கு வைக்கும் நேரம் அங்கே காலை. அந்த நேரத்தில் நான் எடுத்தால், ரிசீவரை அவருடைய காதில் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெரிந்த குரல் கேட்கட்டும், ஏதாவது பேசு, பேசிக்கொண்டே இரு என்பாள். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். அந்த ரெலிபோனைப் பிடித்தால் எனக்கு ஒரேயொரு சொல்தான் வந்தது. "வாறன். நான் வாறன். வாறன்." மறுபக்கத்தில் மூச்சு மட்டும் கேட்கும். பேச்சுத் திரும்புவதென்றால் இந்தக் கிழமைகளுக்குள் திரும்ப வேண்டும் என்று டொக்டர் சொன்னதாக நர்ஸ் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்.

விசாவுக்கு என்ன சொல்வது என்ற ஆலோசனை அடுப்படியில் நடந்தது. அண்ணை பலருடைய அகதி வழக்குகளுக்குக் கூடப் போய் வந்தவர். கவுன்சில், ஹோம் ஒஃபிஸ், வக்கீல் எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அவர் ஒரே போடாகப் போட்டார்.

"மனுசன் சாகக் கிடக்கிறார் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை பிள்ளை. போனவள் திரும்ப மாட்டாள், அங்கயே நிண்டிடுவாள் எண்டுதான் நினைப்பாங்கள். சுற்றுலா எண்டு சொல்லு. ஊர் பாக்கப் போறன் எண்டு சொல்லு."

அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் என்ன என்று இழுத்தார். அண்ணை சிரித்தார். "உள்ளதைச் சொல்லி ஆருக்கு இஞ்ச விசா கிடைச்சது? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும், அவ்வளவுதான்."

இதைப் படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் வேதம். குண்டு விழுந்தது என்று சொன்னவனை நம்பவில்லை. தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னவளிடம் அத்தாட்சி கேட்டார்கள். மெய்யைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்த சனம் நாங்கள். பொய்யை என்றாலும் நம்புவார்கள் என்று நம்பினோம். ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் அண்ணை. கைப்பையில் கண்டுவிட்டால் கதை கந்தலாகிவிடும் என்றார்.

பக்கத்து ரூட்டிங் கடைத்தெருவில் ஒரு ட்ராவல்ஸ் கடையில் இருந்து அண்ணை பளபளப்பான புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். நீலக் கடல், வெள்ளை மலை, தொப்பி போட்ட கிழவன் கிழவிகள். அவர் அயர்ன் பண்ணும் பலகைக்குப் பின்னால் கதிரை போட்டு அதிகாரியாக உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம். ஏன் போகிறாய், என்ன பார்ப்பாய், அதற்குப் பிறகு என்ன பார்ப்பாய். பின்னேரம் வேலைக்குப் போய் அலுவலகங்களில் நிலம் துடைக்கும்போதும் வாய்க்குள் அதுதான். பனிமலை, மீன், கரடி, திமிங்கலம். துடைப்பத்தைத் தள்ளத் தள்ளத் திமிங்கலம். சில நேரம் நடுவில் என் கணவர் வாய் திறந்தபடி கட்டிலில் கிடப்பது மனக்கண்ணில் தெரியும். வாளியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். பிறகு திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவேன்.

ஒத்திகையில் ஒருநாள் அக்கா கையில் இருந்த அகப்பையால் என் நாடியை நிமிர்த்தினார். "திமிங்கலம் பாக்கப் போறவளின்ர மூஞ்சை இதே? செத்த வீட்டுக்குப் போறவள் மாதிரி இருக்கு. சிரி பிள்ளை, கொஞ்சம் சிரி." சிரித்துப் பார்த்தேன். அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அதிகாரி வேலை பார்த்த அண்ணை பலகையை மடக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அமெரிக்க எம்பசிக்கு அக்காவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் என் அம்மாவின் வயதில் ஒரு பெண். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குக் கொடுக்கும் என் நீலப் பயணப் புத்தகத்தைப் புரட்டினாள். எதற்குப் போகிறாய் என்று கேட்டாள். நான் சிரித்தேன். சொல்லத் தொடங்கினேன். ஓரிடத்திலும் தடங்கவில்லை. மலை விழுந்தது, மீன் ஏறியது, கரடி வந்தது, தேவாலயத்தைச் சுற்றினேன், திமிங்கலம் வாலால் அடித்தது. அண்ணை பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

அவள் இடையில் குறுக்கிடவில்லை. முடியும் வரைக்கும் கேட்டாள். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னாள். இது ஜனவரி. திமிங்கலங்கள் சூடான கடல் தேடித் தெற்கே போய்விட்டன. கரடிகள் நித்திரை. மீன் ஏறி முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. சுற்றுலாப் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள், கடைகளுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம், மிச்சமெல்லாம் இருட்டும் மழையும். இந்த மாதத்தில் அந்த ஊரைப் பார்க்க யாருமே போவதில்லை. நீ எதற்குப் போகிறாய்?

எங்கள் அடுப்படியில் மூன்று பேர் இருந்து மூளையைக் கசக்கினோம். மூன்று பேரும் கடற்கரை ஊர்க்காரர். மூன்று பேரும் கடலுக்குப் பூட்டு உண்டு என்று தெரிந்தவர்கள். படத்தில் இருந்த வெயிலைப் பார்த்துவிட்டு மாதத்தைப் பார்க்க மறந்துவிட்டோம்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். என் புருஷன் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பேச்சில்லை, நான் போனால் பேசுவார். இங்கிலீசு தமிழ் எல்லாம் கலந்து வந்தது. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கடிதம் கேட்டாள். இல்லை என்றேன். ஆஸ்பத்திரியின் பெயர் கேட்டாள். அந்தப் பதற்றத்தில் ஊரின் பெயர்கூட என் வாயில் வரவில்லை. திமிங்கலம் வந்தது, அது வரவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று மட்டும் கேட்டாள். முதலில் சொன்னதுதான் பதிவில் இருந்தது. பயணப் புத்தகம் விசா இல்லாமலே கண்ணாடிக்குக் கீழாலே திரும்பி வந்தது.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ரியூப் ரயிலில் வீடு வரும் வரை அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் கேட்டதும் அண்ணை எழும்பி நின்றார், திரும்ப இருந்தார். கடிதத்தோடு திரும்பப் போகலாம், வக்கீலைப் பிடிக்கலாம் என்று ஏதேதோ சொன்னார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. என்னைத் தூக்கிவிட வந்த கை அது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போயிற்று.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. ரெலிபோனை எடுக்கவே பயமாக இருந்தது. எடுக்காமல் விட்டால் அவர் என்ன நினைப்பார் என்பது அதைவிடப் பயம். நடையில் நின்று நம்பரை அழுத்தினேன். நர்ஸ் என் குரலை அறிந்துகொண்டு, வந்துவிட்டாய், பேசு என்றாள். பிறகு அந்த மூச்சு.

வாறன் என்று சொல்ல ஏலாது. அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன், அதையும் பறித்துவிட்டார்கள். வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். வாய் நிறைய இருந்தது ஒன்றுதான்.

"இஞ்சருங்கோ," என்றேன். "நீங்கள் கிடக்கிற ஊரில என்னென்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ? நான் சொல்லுறன். நீங்கள் எழும்பினவுடன முதல்ல படகெடுப்பம். பனிமலை உடைஞ்சு விழுமாம், கோயில் வெடி மாதிரிக் கேக்குமாம். பிறகு பாலத்தில நிண்டு மீன் ஏறுறதைப் பாப்பம். கரடி வந்தால் நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ, நான் பின்னுக்கு நிக்கிறன். வெங்காயக் கோபுரம் வைச்ச கோயில் ஒண்டிருக்கு, ஆர் சாமியெண்டாலும் பரவாயில்லை, ஒருக்காக் கும்பிட்டிட்டு வருவம். அதுக்குப் பிறகு திமிங்கலம் பாக்கப் போவம். படகுக்குக் கிட்டவே வருமாம். வாலைத் தூக்கி அடிச்சால் நாங்கள் ரெண்டு பேரும் நனைஞ்சு போவம்…"

நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்தாமல் போனேன். முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன். இரண்டாந்தரம் திமிங்கலம் வந்த இடத்தில் மூச்சு மாறியது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது. நர்ஸ் பின்னால் ஏதோ சொல்வது கேட்டது.

"மா…" என்றது. "மாரி."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"மாரியில… வராது."

குரல் அவருடையது போலவே இல்லை, சேற்றுக்குள்ளிருந்து இழுத்தெடுத்தது போல இருந்தது. ஆனால் பிழை விட்டவளைத் திருத்தும் அந்தத் தொனி அவருடையதுதான்.

"அப்ப எப்ப வரும்?" என்றேன்.

நெடுநேரம் மூச்சு. இனி ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

"பங்குனி… கழியோணும்."

பிறகு நர்ஸ் எடுத்தாள். களைத்துவிட்டார், நாளைக்குப் பேசலாம் என்றாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ரிசீவரை வைத்தேன்.

படியில் அண்ணை இருந்தார். எவ்வளவு நேரமாக இருந்தார் என்று தெரியாது. என்னவாம் என்று தலையை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"திமிங்கலம் இப்ப வராதாம்," என்றேன். "பங்குனி கழியோணுமாம்."

அடுப்படிக் கதவடியில் அக்கா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ஆர், அவரே சொன்னவர்?"

"ஓம்," என்றேன்.