காமர்ஸுக்கு இந்த மார்க் பத்தாது சார்

இன்று காலை, தாம்பரத்தில் ஒரு பள்ளியின் பிளஸ் ஒன் அட்மிஷன் கவுன்ட்டர்...

மகள் யாழினி பத்தாம் வகுப்பில் 462. அவளுக்கு வேண்டியது காமர்ஸ். எட்டாம் வகுப்பிலிருந்தே ஆடிட்டர் கனவு.

எனக்கோ பயோ மேக்ஸ் ஆசை. (டாக்டர் ஆசை என்று வெளியே சொல்வதில்லை. வெட்கம்.)

மாடம்பாக்கத்திலிருந்து பைக்கில் வரும்போதும் பேசிப் பார்த்தேன்.

"462 எடுத்துட்டு யாராவது காமர்ஸ் போவாங்களாம்மா?"

"நான் போவேன்ப்பா."

பேச்சு அதோடு முடிந்தது.

காமர்ஸ்தானே, கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று நினைத்து, பெரிய தியாகி மாதிரி விண்ணப்பத்தை நீட்டினேன்.

கவுன்ட்டர் மேடம் மார்க் ஷீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பயோ மேக்ஸ்னா இப்பவே சீட் குடுத்துடலாம் சார். காமர்ஸுக்கு இந்த மார்க் பத்தாது. கட் ஆஃப் 465."

"மாத்திச் சொல்றீங்களா மேடம்?"

"இல்ல சார். இங்க இப்போ காமர்ஸுக்குத்தான் கூட்டம்."

"ஒழுங்காப் படிக்கலைன்னா காமர்ஸ்தான் கிடைக்கும்" என்று மிரட்டியே பெண்ணை வளர்த்தவன் நான்.

போன வாரம்தான் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பயோ மேக்ஸ் கேட்டு அர்ச்சனை செய்திருந்தேன். இவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று நினைக்கவில்லை.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

"மூணு மார்க்தானேப்பா" என்றாள்.

என் டாக்டர் ஆசை அங்கேயே செத்துப் போனது.

"வேற வழியே இல்லையா மேடம்?"

"அஞ்சு மார்க் வரைக்கும் குறைஞ்சவங்களுக்கு ஒரு டெஸ்ட் வெக்கிறோம். பதினோரு மணிக்கு. எழுதுறியாம்மா?"

"எழுதுறேன் மேடம்."

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு போயே விட்டாள்.

நான் வெளியே நின்று சிவனிடம் மனுவைத் திருத்திக் கொடுத்தேன். (முதல் மனுவை ரத்து செய்யவும் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும்.)

ஒரு மணிக்கு லிஸ்ட் ஒட்டினார்கள். இரண்டாவது பெயர் யாழினி.

அவள் சிரித்த சிரிப்பில் நானும் காமர்ஸ் கட்சிக்கு மாறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தக்கூட இல்லை, பக்கத்து வீட்டு சார் பிடித்துக்கொண்டார்.

"என்ன குரூப் சார்?"

"காமர்ஸ்."

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் சார், மார்க் பத்தலையா?"

"ஆமா சார், மூணு மார்க் பத்தல. டெஸ்ட் எழுதித்தான் காமர்ஸே வாங்கினா."