எங்கடை ஆள் இல்லாத கோச்

நேற்று, ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில், மகள் வீட்டுக் குசினியில் பேரப்பிள்ளை தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, உரித்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள். உதைபந்தாட்டத்தில் இடைவேளைக்குத் தோடம்பழம் தின்று வளர்ந்தவன் நான். அந்த மணத்தோடு கதிரும் வந்துவிடுகிறான்.

கதிர் யாழ்ப்பாணத்தில் என் வகுப்பு. நான் கல்லூரி அணித் தலைவன். அவன் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே காத்திருந்தவன். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் மறுபடி சந்தித்தபோது, கணிதப் பட்டதாரியான நான் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அவன் விடியற்காலையில் பேக்கரி வேலை முடித்து, இங்குள்ள ஒரு கல்லூரி அணிக்குக் கோச் ஆகியிருந்தான். பெடியளுக்குத் தோடம்பழத்தைத் தானே வெட்டி வாளியில் கொண்டுபோவானாம். அடுத்தடுத்து வெற்றிக் கிண்ணங்கள். தமிழ்ப் பத்திரிகையில் அவன் படம். என் மனைவி அந்தப் படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். நான் அதன்மேல் பீற்சாக் கடை விளம்பரத்தை ஒட்டினேன்.

அப்போது நான் எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். பழைய மாணவர் சங்கங்களுக்கிடையிலான கோடைச் சுற்றுப்போட்டிக்கு எங்கள் அணியைக் கதிர் பழக்கட்டும் என்றார்கள். மில்லிக்கன் பகுதியில் நடந்த கூட்டத்தில் நான் எழுந்தேன்.

"உவன் கடைசியிலை ஏ.எல். சோதனையை எங்களோடை போட்டி போடுற மற்றப் பள்ளிக்கூடத்திலையெல்லே எடுத்தவன்? எங்கடை ஆள் இல்லை."

"உது என்ன கதை அண்ணை? பத்து வருசம் எங்களோடை படிச்சவர்," என்றான் எங்கள் அணியில் கோல் காக்கும் கோலி.

"ஏ.எல். எடுத்த இடந்தான் கணக்கெண்டு சங்க யாப்பிலை விதி கிடக்கு."

அந்த யாப்பை எழுதியதே நான்தான். அதுவும் கதிரின் படம் பத்திரிகையில் வந்த பிறகு.

பின்வரிசையில் இருந்த கதிர் எழுந்தான். "விடுங்கோ தம்பி. மச்சான் சொல்லுறது சரி." வாசலில் என்னிடம் மட்டும், "இடக்காலாலை அடிக்க என்னைப் பழக்கினதே நீதானேடா," என்றான்.

அணியை நானே பழக்கினேன். மற்றப் பள்ளிக்கூடத்தார் கதிரை அழைத்துக்கொண்டார்கள். என் விதிப்படி அவன் அவர்களுடைய ஆள்தானே. முதல் ஆட்டத்திலேயே அவர்கள் எங்களுக்கு அரை டசின் கோல் அடித்தார்கள்.

"அண்ணை, கோல் அடிக்கிறதைப் பற்றி யாப்பிலை ஒண்டும் எழுதேல்லையோ?" என்றான் கோலி.

எல்லாரும் சிரித்தார்கள். கதிர் சிரிக்கவில்லை, கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் கோல் வலையை அவிழ்க்கப் போய்விட்டேன். ஒரு கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கலாம்.

போன மாரிக் குளிரில் கதிர் காலமானான். மரண அறிவித்தலில் மற்றப் பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் இருந்தது.

சுற்றுப்போட்டி நின்று வருடங்களாகின்றன. ஆளில்லாமல் இரண்டு சங்கங்களும் ஒன்றாகிவிட்டன. கூட்டத்துக்கு வருகிற நாலைந்து பேரும் முழங்கால் நோவைப் பற்றிப் பேசிவிட்டு எழும்புகிறோம். யார் எங்கே ஏ.எல். எடுத்தார் என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை.