கதவோரப் படுக்கை

குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தங்க ஒரு பழைய வேன் வாங்கி, உள்ளே படுக்கைகள் அமைக்க மேட்டுப்பாளையத்தில் பாடி கட்டுகிறவரிடம் விட்டேன். குள்ளமான மனிதர், புருவத்தில் எப்போதும் துருத்தூள். அளவெடுக்க டேப்பைத் தொடவே மாட்டார். என்னையும் மனைவியையும் மகளையும் வேன் தரையில் படுக்கச் சொல்லி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார். ஜன்னல் வழியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. மகள் அப்படியே தூங்கிப்போனாள்.

பிறகு கதவோரம் தானும் படுத்து, நான்காவதாக ஓர் அளவு குறித்தார்.

“நாங்க மூணு பேருதான்,” என்றேன்.

“இருக்கட்டும் சார். வழியில யாராவது ஏறுவாங்க.”

முதல் பயணத்தில், சவுக்குத்தோப்பில் வேனை நிறுத்திவிட்டு மத்தியானம் கண்ணயரும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதவோரப் படுக்கை அவர் உயரத்துக்கே அளந்தது; எங்களில் யாருக்கும் அல்ல, அவருக்குத்தான் அது சரியாக இருக்கும்.

அதில் எங்கள் பைகள் கிடந்தன.