அரைக்க மறுத்த வரகு

ஆரணியில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து சத்துமாவு தயாரிக்கிறோம். நாலு பேர் வீட்டிலும் பட்டுத்தறி உண்டு. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தறியில் உட்காரும் என் கணவர், மதியம் வரை பசி என்று எழுந்து வந்ததில்லை. இட்லி சாப்பிட்ட நாட்களில் பதினோரு மணிக்கே அடுப்படியை எட்டிப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழிலில் நம்பிக்கை வந்தது.

போன வருஷம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்கு மாவு கேட்டார்கள். எங்களுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். எலும்புக்குக் கேழ்வரகு, ரத்தத்துக்குக் கம்பு என்று தலைமையாசிரியையிடம் நான் அடுக்கிக்கொண்டே போனேன். வரகும் சேர்ப்பதாகச் சொன்னேன். அந்த வரகைப் போளூர் சந்தையில் வாங்கி வந்தேன். மழை நாள். மூட்டையின் அடியில் ஈரம் இருந்தது. கழுவி, மாடியில் இரண்டு நாள் காயவைத்து, மாவு மெஷினுக்கு எடுத்துப் போனேன்.

மெஷின் வைத்திருந்த அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கடன் வாங்கி அந்த மெஷினைப் போட்டவர். ஒரு கை வரகை அள்ளி முகர்ந்தார். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்து, உடனே துப்பினார்.

"இத நான் அரைக்க மாட்டேம்மா. பூசணம் பூத்த வாசனை வருது."

"கழுவிக் காய வச்சதுக்கா. பாருங்க, எவ்ளோ சுத்தமா கீது!"

"கழுவுனா மேல இருக்கிற பூசணம் போவும். அது உள்ள வுட்ட விஷம் போவாது. வேக வச்சாலும் போவாது. புள்ளைங்க குடிக்கிறதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் பார்க்க மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன். இவர் என்ன டாக்டரா என்று வழியெல்லாம் கோபம். அவர் சொன்னது தப்பென்று காட்டத்தான் அன்று மதியம் அந்த வரகில் உப்புமா கிண்டினேன். கணவருக்கு ஒரு தட்டு வைத்தேன். நான் கொஞ்சம் சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தறியிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

"இங்க வா. பாவு இழையெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. கை நடுங்குது."

எழுந்திருக்கப் பார்த்தவர் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். வாந்தி எடுத்தார். எனக்கும் தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வரகு நல்ல தானியம்தாம்மா," என்றார் அவர். "ஈரத்தோட கட்டி வச்சா ஒரு பூஞ்சை வரும். அதுதான் இப்படிப் பண்ணும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அப்படியே சரியானது. ஆனால் அந்த இரண்டு நாளும், அந்த மாவு பிள்ளைகள் கைக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் மெஷினுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏதாவது சொல்லட்டும் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு முதலில் கேட்டது, "அண்ணன் இப்ப எப்படி கீறாரு?" அடுத்து, "மிச்ச வரகு எங்க?"

"வீட்ல கீதுக்கா. கோழிக்குப் போடலாம்னு..."

"கோழிக்கும் வேணாம். மாட்டுக்கும் வேணாம். குழி வெட்டிப் பொதச்சிடு."

எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்டேன். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"எனக்கு எட்டு வயசு. களத்துல மழைல நனஞ்ச வரகத்தான் எங்கம்மாவுக்குக் கூலியா அளந்தாங்க. பசிம்மா. ஆக்கித் துன்னோம். வீட்ல அஞ்சு பேரும் ரெண்டு நாள் எழுந்திருக்கல. அந்த வாசனைய நான் மறப்பனா?"

பள்ளிக்கூடத்துக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தலைமையாசிரியை ஒரு வாரம் தவணை கொடுத்தார். அக்கா அரை நாள் மெஷினைப் பூட்டிவிட்டு என்னோடு போளூர் வந்தார். ஒவ்வொரு கடையிலும் மூட்டையின் அடிவரை கைவிட்டு, ஈரமில்லை, வாசனையில்லை என்று தெரிந்த பிறகே எடை போடச் சொன்னார். ஒரு கடைக்காரர், "இன்னாமா இவ்ளோ பேஜார் பண்ற?" என்றார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று அன்று பஸ்ஸில் கேட்டேன். மெஷினை யார் பார்ப்பார்கள் என்று தட்டிக் கழித்தார். நான் விடவில்லை. தைப் பொங்கலுக்குப் பிறகு சம்மதித்தார். இப்போது நாங்கள் ஐந்து பேர். எந்தத் தானியம் வந்தாலும் அவர் கடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வறுக்க அடுப்பைப் பற்றவைக்கிறோம்.