அலுமாரிக்குள் பூட்டிய படிப்பு

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான சுருவிலிலிருந்து கொழும்புக்கு எஞ்சினியர் படிப்புக்குப் போனேன். நிலமட்டம் பார்க்கும் கருவி அங்கே கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. படிப்பு முடியும்வரை அதைப் பார்த்துப் படம்தான் கீறினோம்.

பிறகு மண்டைதீவுக்குக் கடலை ஊடறுத்துத் தெரு போடும் வேலையில் சேர்ந்தேன். வெள்ளைக்காரத் துரை அதே கருவியால் மட்டம் பார்க்கச் சொன்னார். எந்தத் திருகாணியைத் திருப்புவதென்றே தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தார்.

லீவு எடுத்துக் கொழும்புக்குப் போய், எனக்குப் படிப்பித்த எங்களூர்க்காரரான ஆசிரியரின் வகுப்புக்குள் நுழைந்தேன்.

“ஏன் ஐயா அந்தக் கருவியை எங்களைத் தொடவிடேல்லை?”

“உடைச்சுப்போட்டால் ஆர் பதில் சொல்லுறது?”

“தொடாமல் படிச்ச எங்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?” என்று கத்தினேன்.

புதிய மாணவர்கள் எழுந்து வந்து அலுமாரியைச் சுற்றி நின்றார்கள். வேறு வழியில்லாமல் ஆசிரியர் திறப்பை எடுத்துப் பூட்டில் போட்டார். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.